நோயாளி பாட்டுப் பாட மூளை ஆபரேஷன்: அந்தச் செய்தியை நம்பி அம்மாவை அட்மிட் செய்யலாமா?

மேலுக்கு நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பாட வைத்துக்கொண்டே மூளையில் கட்டி எடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் கட்டிங் சுற்றுகிறதே, அது நிஜமா? அதன் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி வேறு. அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. சில மாதங்களாகத் தலைவலி, போன மாதம் ஒரு தடவை வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். எம்.ஆர்.ஐ.யில் வலது நெற்றிப் பக்கம் மூன்றரை சென்டிமீட்டர் மெனிஞ்சியோமா (மூளை உறையில் முளைக்கும் கட்டி) என்று எழுதியிருக்கிறார்கள். வீடு கொருக்குப்பேட்டை, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியும் பக்கம், ஜி.ஹெச். என்கிற சென்னை அரசுப் பொது மருத்துவமனையும் எட்டும் தூரம். மாமா அந்தக் கட்டிங்கை அனுப்பி "இவ்ளோ பெரிய டாக்டருங்க இங்கயே இருக்கும்போது எதுக்கு வெளிய போகணும்" என்கிறார். அண்ணியோ "படிக்கிற பசங்க கத்துக்கறதுக்கு நம்ம அத்தைதான் கிடைச்சாங்களா" என்கிறார். ஆக, ஒரு மூளை, தண்டுவட அறுவை சிகிச்சைத் துறையைப் பற்றி வரும் சாதனைச் செய்தியை வைத்து அந்தத் துறையை எடைபோட முடியுமா என்பதுதான் உங்கள் குழப்பம்.

செய்தி பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் அம்மாவின் ஆபரேஷனுக்கும் அதற்கும் அநேகமாக ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் சர்ஜன் இல்லை. மூளை, தண்டுவட ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி அரசு மருத்துவக் கல்லூரிகளில் போனது, கடைசிச் சில வருடங்கள் தனியாரில். அரசுத் துறைகள் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். சர்ஜன் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் நோயாளியையும் பார்த்துக்கொண்டிருப்போம், சர்ஜனையும் பார்த்துக்கொண்டிருப்போம். அம்மாவின் ஃபிலிமை நான் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு வரியை வைத்து ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று சொல்வது தப்பு, அதைச் செய்யப் போவதில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பெயர் சொல்லப் போவதும் இல்லை.

முதலில் அந்தப் பாட்டு விஷயம். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோல், எலும்பின் மேலுறை, மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா என்ற உறை, இவற்றுக்குத்தான் வலி உண்டு. தலைத்தோலுக்கு வரும் நரம்புகள் ஒவ்வொன்றையும் தேடி மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழக்கமாக மண்டையைத் திறக்கும் வரை தூங்க வைப்போம். மூளை கண்ணுக்குத் தெரிந்த பிறகு எழுப்புவோம். பச்சைத் துணிக்கு அடியில் குனிந்து நோயாளியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நான் படம் காட்டுவேன். இது என்ன? குடை. இது? சாவி. அதே நேரத்தில் சர்ஜன் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துக்கொண்டே வருவார். தெரிந்த பொருளுக்குப் பெயர் வராமல் வாய் நின்றுவிட்டால் அந்த இடம் பேச்சுக்கு உரியது, அங்கே கத்தி போகக் கூடாது. பாட்டும் இதற்குத்தான். சிலரைப் பாடச் சொல்வோம், சிலரை எண்ணச் சொல்வோம், சிலரிடம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்வோம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கனடாவில் மான்ட்ரியலைச் சேர்ந்த வைல்டர் பென்ஃபீல்ட் 1930களிலேயே இந்த முறையை வளர்த்தெடுத்துவிட்டார். கஷ்டமான வேலைதான், அதில் சந்தேகமில்லை. தலை மூன்று முள் வைத்த கிளாம்ப்பில் பூட்டப்பட்டிருக்கும், மண்டை திறந்திருக்கும், ஆள் விழித்திருப்பார், மூச்சுக்குழாயில் டியூப் இருக்காது. அந்த நேரத்தில் மின்தூண்டலே வலிப்பைக் கிளப்பிவிடலாம். அப்போது முதலில் செய்வது ஐஸில் வைத்த சலைனை மூளையின் மேல் ஊற்றுவது. பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அந்த பாட்டில் காலையிலேயே ஐஸில் போடப்பட்டிருக்க வேண்டும். போட்டாயிற்றா என்று சரிபார்ப்பவர் ஒரு தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ். கட்டிங்கில் இருக்கும் குரூப் போட்டோவில் அவரைத் தேடிப் பாருங்கள், இருக்க மாட்டார்.

இந்த முறை தேவைப்படுவது எப்போது? கிளையோமா மாதிரி மூளைத் திசுவுக்குள்ளேயே வேர்விட்டுப் பரவும் கட்டி, பேச்சுக்கோ கை கால் அசைவுக்கோ உரிய இடத்தை ஒட்டி இருக்கும்போது. எது கட்டி, எது நல்ல மூளை என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது, அதனால் நோயாளியையே கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். மெனிஞ்சியோமா அப்படிப்பட்டதில்லை. அது மூளையின் உறையிலிருந்து முளைத்து மூளையை வெளியிலிருந்து அழுத்தும் கட்டி. பெரும்பாலும் கட்டிக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தெளிவான தளம் கிடைக்கும், அதன் வழியே பிரித்து எடுப்பார்கள். வலது நெற்றிப் பக்கம் என்றால் முழு மயக்கத்தில்தான் செய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆக, மாமா அனுப்பிய செய்தி உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படாத ஒரு திறமையைப் பற்றியது. மறைமுகமாக அது சொல்லும் ஒரு நல்ல சேதியும் உண்டு: சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் பல மணி நேரம் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு வேலை செய்யும் பழக்கம் அங்கே இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு மேல் அந்தக் கட்டிங்கில் எதையும் படிக்க முடியாது. கல்யாண போட்டோவைப் பார்த்து ஒரு வீட்டின் குடித்தனத்தை எடைபோட முடியுமா?

மற்ற ரகச் செய்திகளையும் இதே கண்ணோடு பாருங்கள். "எலுமிச்சை அளவு", "ஆரஞ்சு அளவு" என்று கட்டியின் அளவைச் சொல்வார்கள். மூளையில் அளவைவிட இடம்தான் முக்கியம். மண்டையின் மேல்வளைவில் இருக்கும் பெரிய மெனிஞ்சியோமாவை எடுப்பது, மூளைத்தண்டை ஒட்டி ஒளிந்திருக்கும் சின்னதை எடுப்பதைவிடப் பல மடங்கு சுலபமாக இருக்கலாம். "முதன்முறையாக" என்பது எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் என்பதைப் பொறுத்தது. "நேவிகேஷன் கருவி வந்துவிட்டது" என்றால் நல்லதுதான். ஆனால் அது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனை வைத்து வழிகாட்டுவது. மண்டையைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை சில மில்லிமீட்டர் அமிழ்ந்துவிடும். அப்போது கருவி காட்டும் இடமும் நிஜ இடமும் பிசகும். அதைத் தெரிந்து பயன்படுத்துபவருக்கு அது துணை, தெரியாதவருக்கு ஆபத்து. மூக்கு வழியே எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் விட்டு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை எடுப்பது இன்று பெரிய மருத்துவக் கல்லூரிகளில் வழக்கமான ஆபரேஷன் ஆகிவிட்டது. அதைப் பற்றி செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள், அசந்துபோக வேண்டாம்.

விபத்துச் செய்திகளில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். வடசென்னைக்காரரான உங்களுக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. மண்டையில் அடிபட்டு வந்தவரைக் காப்பாற்றினார்கள் என்று செய்தி வரும்போது இரண்டு வேறு கதைகள் ஒரே தலைப்பில் வந்துவிடுகின்றன. ஒன்று எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டி. எலும்பு உடைந்து, அதன் உள்பக்கம் ஓடும் தமனி கிழிந்து, டியூராவுக்கு வெளியே ரத்தம் தேங்கும். அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசுவார், எழுந்து தண்ணீர் கேட்பார்; கொஞ்ச நேரத்தில் மயக்கத்துக்குப் போய்விடுவார். அந்த இடைவெளிக்குள் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பழையபடி வேலைக்குப் போகிறார்கள். இன்னொன்று மூளையே நசுங்கி வீங்கும் கதை. அழுத்தம் குறைவதற்காக மண்டை எலும்பில் ஒரு பெரிய பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைபெட்டியிலோ பத்திரப்படுத்தி, பிற்பாடு திரும்ப வைப்பார்கள். இதனால் உயிர் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்பது உறுதி. 2016இல் வெளியான ரெஸ்க்யூ ஐ.சி.பி. என்ற பன்னாட்டு ஆய்வில், மருந்துக்கு அடங்காத மூளை அழுத்தம் இருந்த 400க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் ஆபரேஷன் குழுவில் சுமார் 27 சதவீதமும், மருந்துக் குழுவில் சுமார் 49 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஆனால் நினைவு திரும்பாமல் படுக்கையிலேயே இருப்பவர்கள் ஆபரேஷன் குழுவில் 8.5 சதவீதம், மருந்துக் குழுவில் 2.1 சதவீதம். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் இப்படிப்பட்ட நிலைக்குப் பிழைக்கிறார்கள். "உயிர் காப்பாற்றப்பட்டது" என்ற வார்த்தை இரண்டு கதைகளுக்கும் பொருந்தும். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதினால்தான் அது முழுச் செய்தி. அப்படி எழுதியதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறைகளின் நிஜமான சாதனையைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது வேறு. காசிமேட்டில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் படியில் இடித்துக்கொள்கிறார், பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பேச்சுக் குழறுகிறது, ஒரு கால் இழுக்கிறது. வீட்டில் பக்கவாதம் என்று நினைக்கிறார்கள். ஸ்கேனில் பார்த்தால் பழைய ரத்தம் மெதுவாகச் சேர்ந்து மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறது. மரத்துப்போகும் ஊசியிலேயே மண்டையில் ஒன்றிரண்டு துளை போட்டு வடித்துவிட்டால் பலர் இரண்டு நாளில் பழையபடி பேசுகிறார்கள். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் திரும்பச் சேரும், மறுபடி வடிப்பார்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் இது ஓயாமல் நடக்கிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும், விடியும்போது அடுத்தது வந்துவிடும். இதைச் செய்தி என்று யாரும் நினைப்பதில்லை. 108 வண்டி வந்தது 2008இல். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது 2021 டிசம்பரில். அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இந்த வேலை இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

கொஞ்சம் பழைய கதையும் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சாதனை என்று கொண்டாடப்பட்டது எல்லாம் நிலைக்கவில்லை. இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சைத் துறை முதலில் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில், 1949இல், ஜேக்கப் சாண்டியால். அடுத்த ஆண்டே சென்னை ஜி.ஹெச்.சில் டாக்டர் பா. ராமமூர்த்தி தொடங்கினார். இங்கிலாந்தில் நியூகாசிலில் பயிற்சி பெற்று வந்தவர். ஸ்கேன் கிடையாது, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தியும் மூளை அறைகளில் காற்றைச் செலுத்தியும் எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்துக் கட்டி எங்கே என்று ஊகித்த காலம். அவருடன் டாக்டர் வி. பாலசுப்ரமணியம், நாட்டின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவரான டாக்டர் டி.எஸ். கனகா எல்லாரும் சேர்ந்து, மூளைக்குள் ஊசிமுனை அளவு இடத்தைக் குறிவைத்துச் செயலிழக்கச் செய்யும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் உலகம் திரும்பிப் பார்க்கும் வேலை செய்தார்கள். பார்க்கின்சன் நோய்க்குச் செய்ததன் வாரிசுதான் இன்றைக்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை. அதே முறையை அடங்காத மூர்க்கம், நடத்தைக் கோளாறு, போதைப் பழக்கம் இவற்றுக்கும் 1960, 70களில் செய்தார்கள், குழந்தைகளுக்கும் செய்தார்கள். அன்றைக்கு மருத்துவ இதழ்களில் பெருமையாக வந்தவை அவை. மருந்துகள் வந்ததும், நோயாளியின் சம்மதம் பற்றிய கேள்விகள் எழுந்ததும் உலகம் முழுக்க அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. அந்த ஆசிரியர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் எது சாதனை என்று தெரிய இருபது, முப்பது வருடம் ஆகும் என்பதை அவர்கள் கதையில்தான் நான் கற்றேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சென்னைச் சாதனையில் கத்தியே இல்லை. முதுகெலும்பில் காசநோய் வந்தால் நெஞ்சைத் திறந்து, அழுகிய எலும்பைச் சுரண்டி எடுத்து, வேறு எலும்பு வைத்து ஒட்டும் பெரிய ஆபரேஷன்தான் சிறந்தது என்று ஹாங்காங் சர்ஜன்கள் நிறுவியிருந்தார்கள். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரத்து டாக்டர்களோடு சேர்ந்து இதைப் பரிசோதித்தது. ஒரு குழுவுக்கு ஆபரேஷனும் மருந்தும்; மற்றக் குழுக்களுக்கு, படுக்க வைக்காமல், நடமாடவிட்டே ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் மருந்துக் குழுக்கள் ஆபரேஷன் குழுவுக்குச் சளைக்கவில்லை. அந்த முடிவு 1999இல் வெளியானது. கால் செயலிழந்துவிட்டவர்கள், எலும்பு நொறுங்கிக் கூன் அதிகமாகிக்கொண்டே போகிறவர்கள் வேறு. அவர்களுக்கு இன்றும் ஆபரேஷன் வேண்டும். ஆனால் மூட்டை தூக்கிப் பிழைக்கும் எத்தனையோ பேருக்கு நெஞ்சைத் திறக்காமலே குணமாகும் வழி இந்த ஊரில் நிரூபிக்கப்பட்டது. முதுகெலும்பில் ஜவ்வு விலகல் என்று ஆபரேஷனுக்கு அவசரப்படுகிறவர்களிடமும் நான் இதைத்தான் சொல்வேன்: சிறுநீர் நின்றுபோவது, மலவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது இவை இல்லாவிட்டால், காலுக்கு இழுக்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த துறை நல்ல துறை.

இப்போது அண்ணியின் பயம். அது நியாயமான பயம், அவர் மேல் கோபப்படாதீர்கள். மூளை அறுவையில் எம்.சிஹெச். என்ற உயர் சிறப்புப் பட்டம் படிக்கும் பி.ஜி. டாக்டர்கள் மாணவர்கள்தான். பலர் ஏற்கெனவே பொது அறுவையில் எம்.எஸ். முடித்து வந்தவர்கள், சிலர் எம்.பி.பி.எஸ். முடித்து நேரே வந்தவர்கள். தலைத்தோலைத் திறப்பது, துளை போடுவது, கடைசியில் மூடுவது ஆகியவற்றை அவர்கள் செய்வார்கள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கட்டியைப் பிரிக்கும் பகுதியை உதவிப் பேராசிரியரோ, யூனிட்டின் தலைவரான சீஃபோ செய்வார், அல்லது அவர் பக்கத்தில் நிற்கச் சீனியர் பி.ஜி. ஒரு பகுதி செய்வார். "அம்மா ஆபரேஷனை யார் சார் பண்ணுவாங்க, சீஃப் கூட இருப்பாரா" என்று நேராகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அண்ணி யோசிக்காத இன்னொரு பக்கம் ராத்திரி. மண்டையைத் திறந்து மூடிய பிறகு உள்ளே ரத்தம் கசிந்தால் அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் சில மணி நேரங்களில் நடக்கும். சரியாகப் பேசிக்கொண்டிருந்தவர் மந்தமாகிறார், ஒரு பக்கக் கண்பாப்பா விரிகிறது. அந்த நேரத்தில் கட்டிலருகே மூளை அறுவை தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறாரா, உடனே ஸ்கேன் எடுக்க முடியுமா, தியேட்டர் திறக்க ஆள் உண்டா? மருத்துவக் கல்லூரியில் அந்த டாக்டர் என்பது அண்ணி பயப்படுகிற அதே பி.ஜி. பையன்தான். அவன் தூங்கப் போவதில்லை. சர்ஜன் வந்து ஆபரேஷன் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும் சின்ன நர்சிங் ஹோமில் எவ்வளவு பெரிய பெயர் போர்டில் இருந்தாலும் நான் என் வீட்டு ஆளைப் படுக்க வைக்க மாட்டேன். நல்ல தனியார் ஆஸ்பத்திரிகளில் இரவிலும் ஆள் உண்டு. அங்கேயும் இதையே கேளுங்கள்.

அரசுத் துறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேதி தள்ளிப்போகும். நடுராத்திரியிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்து, காலை பதினொரு மணிக்கு "இன்னிக்கு இல்லம்மா" என்பார்கள். விபத்துக் கேஸ் ஒன்று தியேட்டருக்குள் போயிருக்கும், அல்லது ஐ.சி.யூ.வில் கட்டில் காலியாகவில்லை. உங்கள் அம்மாவின் கட்டி காத்திருக்கும், அந்தப் பையனின் ரத்தக்கட்டி காத்திருக்காது. நியாயம்தான் என்றாலும், சர்க்கரை உள்ள அம்மாவைப் பட்டினி போட்டுத் திரும்ப அனுப்பும்போது குடும்பம் கொதிக்கும். நர்ஸ்களுக்கு நோயாளிகள் அதிகம். புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது எல்லாம் அட்டெண்டர், அதாவது கூடத் தங்கும் வீட்டு ஆள் தலையில் விழும். நல்ல அட்டெண்டர் இரண்டு பேரை முன்கூட்டியே முறை வைத்துத் தயார் செய்யுங்கள். கை கழுவுவது பற்றிக் கறாராக இருங்கள். பார்க்க வருகிற கூட்டத்தைத் தடுத்து நிறுத்துங்கள், மாமாவாகவே இருந்தாலும்.

அம்மா விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, எது இல்லை? மெனிஞ்சியோமாக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு புற்று இல்லாத, மெதுவாக வளரும் ரகம். இது உறுதி. எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த சின்னக் கட்டி என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். வலிப்பும் தலைவலியும் உள்ள மூன்றரை சென்டிமீட்டருக்குப் பெரும்பாலான சர்ஜன்கள் எடுத்துவிடலாம் என்றே சொல்வார்கள். முளைத்த உறையோடு சேர்த்து எவ்வளவு முழுமையாக எடுக்கிறார்களோ அவ்வளவுக்குத் திரும்ப வருவது குறையும். 1957இல் டொனால்ட் சிம்ப்சன் வகுத்த தரவரிசையைத்தான் இன்றும் ஆபரேஷன் நோட்டில் எழுதுகிறார்கள். ஸ்கேனில் மட்டும் பார்த்து அது எந்த ரகம் என்று முடிவாகச் சொல்ல முடியாது. எடுத்த சதையின் பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகுதான் தெரியும். வலிப்பு ஆபரேஷனோடு நின்றுவிடுமா என்பதும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது; பலருக்கு நிற்கிறது, சிலருக்கு மாத்திரை தொடர வேண்டியிருக்கிறது. ஒரே வகை ஆபரேஷனை அதிகமாகச் செய்யும் இடங்களில் சேதம் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வருடத்துக்கு இத்தனை செய்தால் போதும் என்று ஒரு எண்ணை யாராலும் நிரூபித்துச் சொல்ல முடிந்ததில்லை.

அதனால் ஓ.பி.யில் சீஃபையோ உதவிப் பேராசிரியரையோ பார்க்கும்போது கட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். கட்டி, நடுக்கோட்டில் ஓடும் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டிருந்தால் ஆபரேஷனின் கஷ்டமே மாறும், சில சமயம் ஒரு துண்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். இந்த மாதிரி மெனிஞ்சியோமா இந்த யூனிட்டில் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் நல்ல அடையாளம். இறந்துபோன, சிக்கலான கேஸ்களை எல்லாரும் சேர்ந்து பேசும் கூட்டம் ஒவ்வொரு மாதமும் நடக்கிற துறை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மதிப்பெண் கொடுப்பேன். வார்டில் ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் வீட்டாரிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எந்தச் செய்தியிலும் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும், சில சமயம் கூடுதலாகவே கிடைக்கும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் என்றாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஆபரேஷனுக்கு வேண்டிய விலை உயர்ந்த பொருள்களுக்கு அது உதவும், அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். "பல லட்சம் மதிப்பிலான ஆபரேஷன் இலவசமாக" என்று செய்தியில் வருவதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தத் திட்டம்தான்.

தேதி கிடைக்கும் வரை கவனிக்க வேண்டியது மட்டும் இனி. வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்திருந்தால் அது சர்க்கரையை ஏற்றும், அடிக்கடி பரிசோதியுங்கள். அந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எம்.ஆர்.ஐ. ஃபிலிம், சி.டி., மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும். விடாமல் வாந்தி, கூப்பிட்டால் திறக்காத கண், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, புதிதாக ஒரு பக்கக் கை கால் பலவீனம், இதில் எது வந்தாலும் ஓ.பி. தேதி வரை காத்திருக்காமல் 108ஐ அழைத்துக் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். சீட்டு எழுதுபவரிடம் தலைவலி என்று ஆரம்பிக்காதீர்கள். மூளையில் கட்டி இருக்கிறது, வலிப்பு வந்திருக்கிறது, ஃபிலிம் கையில் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.